ஒன்பதாம் நம்பர் காட்டுத் தோட்டா

சுட்டாச்சு. சத்தம் வந்துவிட்டது, எதிர்மலை அதைத் திருப்பியும் சொல்லிவிட்டது, புகை வந்துவிட்டது, துப்பாக்கிக் கட்டை ஏகாம்பரத்தின் தோளில் இடித்து எலும்பு வரைக்கும் வலியும் வந்துவிட்டது, ஆனால் கரடி மட்டும் விழவில்லை. ஒன்பதாம் நம்பர் காட்டின் மேல் நிரையில், தேயிலைச் செடிகளுக்கு மேலே இரண்டு காலில் எழுந்து நின்று, நெஞ்சில் இருக்கிற வெள்ளைப் பிறையைக் காட்டிக்கொண்டு, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவனைப் பார்த்தது. முப்பதடிதான் தூரம். இந்தத் தூரத்தில் தவறவே முடியாது என்று ஏகாம்பரம் நினைத்தான், தவறவும் இல்லை, ஏனென்றால் தோட்டா அங்கேதான் இருந்தது, துப்பாக்கி முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி, காலைப் பனியில், நெஞ்சு உயரத்தில், செம்பு நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவில், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கரடியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எறும்பின் வேகம்கூட இல்லை.

கரடி கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அலுத்துப்போய் நாலு காலில் இறங்கிச் சோலைக்குள் போனது. தோட்டா மூக்கை மெல்லத் திருப்பி, அது போன திசையில் தானும் கிளம்பியது. ஏகாம்பரம் துப்பாக்கியைப் பிடித்தபடியே நின்றான். அவன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது, அதை அவன் மறந்துபோயிருந்தான்.

அந்தத் துப்பாக்கி குளிர்பாறை எஸ்டேட் ஆபீசின் இரும்பு பீரோவில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதற்குள் மூன்று விரலை விட்டுக் கீழே இழுத்து மேலே மடக்கினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே துள்ளும், அடுத்த தோட்டா ஏறும். லீவர் துப்பாக்கி என்பார்கள். யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துக் கொடுத்த, எஸ்டேட் வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் தில்லைநாயகம், "சுட்ட கையோட லீவரை இழுத்துரு, அதான் முக்கியம்" என்று மூன்று தடவை சொன்னார். ஏகாம்பரம் மூன்று தடவையும் தலையாட்டினான்.

கரடியைச் சுடுவது குற்றம் என்று அவனுக்குத் தெரியும். எஸ்டேட் வாட்ச்மேனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவன் பெண்டாட்டி பவளக்கொடி ஏழு மாசமாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளைப் பட்டப்பகலில் அந்தக் கரடி பிடித்தது, கரடி பிடித்தால் முகத்தைத்தான் பிடிக்கும், கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து வந்தபோது அவளுக்கு ஒரு கண்ணும் இல்லை, மேலுதட்டில் பாதியும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஜீப்பில் வந்து இறங்கி உள்ளே போனவள், ஜன்னலுக்குத் துணி கட்டினாள், கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள், "அது உசிரோட இருக்கிற வரைக்கும் நான் வாசப்படி தாண்ட மாட்டேன்" என்றாள். சொன்னபடி இருந்தாள். கூண்டு வைத்தார்கள், கூண்டுக்குள் பலாப்பழம் வைத்தார்கள், கரடி வெளியே நின்று கையை விட்டுப் பலாப்பழத்தை மட்டும் தின்றுவிட்டுப் போனது. அதனால்தான் அவன் சுட்டான்.

சுட்ட அன்றைக்கே எஸ்டேட் முழுக்க வந்து பார்த்தது. யாரோ துண்டை வீசினார்கள், துண்டில் ஓட்டை. யாரோ கம்பை நீட்டினார்கள், கம்பு நெட்டுக்குப் பிளந்தது. கோவில் பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை அதன் வழியில் நூல் கட்டித் தொங்கவிட்டார், கால் மணி நேரம் எடுத்துப் பழத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த தோட்டாவின் மேல் ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது, அது புகைந்து கருகி உதிர்கிற வரைக்கும் எல்லோரும் கை கூப்பி நின்றார்கள், அப்புறம் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மணி அடித்ததும் வேலைக்குப் போய்விட்டார்கள். கொழுந்து காத்திருக்குமா என்ன?

ஃபேக்டரி ஃபிட்டர் சவரிமுத்துதான் விஷயத்தைப் பிடித்தார். துப்பாக்கியை வாங்காமலே குனிந்து பார்த்தார்.

"லீவரை இழுத்தியா?"

"இல்லண்ணே. மறந்துட்டேன்."

"அப்படிச் சொல்லு. நீ இன்னும் சுட்டு முடிக்கலடா. கூடு உள்ளயே கிடக்கு. துப்பாக்கிக்கு வேலை பாதியில நிக்குது, அதான் தோட்டாவும் பாதியில நிக்குது."

"அப்ப இப்ப இழுத்துரவா?"

"இழுத்தா ரெண்டுல ஒண்ணு. பொத்துன்னு கீழ விழும். இல்லாட்டி விட்ட வேகத்தோட கரடி எங்க இருக்கோ அங்க போகும், நடுவுல எது இருந்தாலும் துளைச்சுக்கிட்டு. நடுவுல லைன் வீடு இருக்கு, கோவில் இருக்கு, பால்வாடி இருக்கு. இழுத்துப் பாரேன், ராசா."

ஏகாம்பரம் அடுப்பிலிருந்து எடுக்கிற மாதிரி விரலை வளையத்திலிருந்து எடுத்தான்.

மூன்றாம் நாள் வனத்துறை கார்டு ஒருவர் வந்தார். சுட்டுவிட்டான் என்று எழுதினால் கரடி எங்கே என்று மேலே கேட்பார்கள், சுடவில்லை என்று எழுதினால் தோட்டா கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். துப்பாக்கியை எடுத்துப்போகலாம் என்றால் ஜீப் குலுங்கி லீவர் இறங்கிவிட்டால் யார் பொறுப்பு? கடைசியில், பெரிய அதிகாரி வரும்வரை அதை அசைக்காமல் வைத்திருக்கிறேன் என்று ஏகாம்பரத்திடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். மேனேஜர் ஆபீசிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள்: தோட்டாவுக்கு முன்னால் யாரும் கொழுந்து எடுக்கக் கூடாது, பின்னால் எடுக்கலாம். ஒரு மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி அதன் பின்னால் நட்டார்கள், தினமும் காலையில் அதைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி நடுவது கங்காணியின் வேலை ஆகிவிட்டது. இரண்டே வாரத்தில், மழை பெய்கிறது, பஸ் லேட், தோட்டா போகிறது என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பவளக்கொடி மட்டும் சும்மா விடவில்லை. ஜன்னல் துணியை ஒரு விரல் அளவுக்கு விலக்கினால் எதிரே ஒன்பதாம் நம்பர் காடும் சிவப்புத் துணியும் தெரியும். ஏகாம்பரம் வேலை முடிந்து வந்ததும் கேட்பாள்.

"மூக்கு எந்தப் பக்கம் பாக்குது?"

"பம்பு ஹவுஸ் பக்கம்."

மறுநாள் பம்பு ஹவுஸில் கரடி கதவைப் பிறாண்டிவிட்டுப் போயிருக்கும். கோவில் பக்கம் என்பான், கோவிலில் விளக்கில் இருந்த எண்ணெய் எல்லாம் நக்கப்பட்டிருக்கும். நாலு நாள் கேட்டாள். ஐந்தாம் நாள், "யோவ், நாளைக்கு ஆறாம் நம்பருக்கு யாரும் போக வேண்டாம்னு சொல்லு" என்றாள். ஏகாம்பரம் சொன்னான். யாரும் கேட்கவில்லை. ஆறாம் நம்பரில் கரடி வந்து, பதினாலு பேர் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அதற்கு மறுநாளிலிருந்து பெரட்டுக்கு முன்னால் பெண்கள் எல்லோரும் பவளக்கொடியின் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

ராக்கம்மாதான் முன்னால் நிற்பாள். அவளுக்கு வாய் அதிகம். "ஏ பவளம், உன் மாப்பிள்ளை இன்னைக்கு எந்தப் பக்கம் பாக்குறாரு?"

துணிக்குப் பின்னால் இருந்து பதில் வரும். "மாப்பிள்ளைய உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விருந்து வை. அஞ்சுக்குப் போங்கடி, அஞ்சுதான் இன்னைக்கு நல்லது."

ஏழு மாசத்தில் அவள் ஒருத்தரைத் திருப்பிக் கிண்டல் பண்ணியது அதுதான் முதல் தடவை. ஏகாம்பரம் உள்ளே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான், சிரித்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து கஞ்சியையே பார்த்துக் குடித்தான்.

அப்புறம் தோட்டா மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஜன்னலிலிருந்து தெரியவில்லை. ஏகாம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"கிழக்கே பாக்குது."

"கிழக்குன்னா? பால்வாடியா, பம்பு ஹவுஸா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல என்ன இருக்கு?"

"நடுவுல… ஒண்ணுமில்ல."

அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் அன்றைக்கு ராக்கம்மாவின் புருஷன் விறகு பொறுக்கப் போய், கரடியைப் பார்த்து ஓடி, பாறையில் விழுந்து இரண்டு பல்லை விட்டுவிட்டு வந்தான். பவளக்கொடி கேட்டுவிட்டு, "உனக்குக் கிழக்கும் தெரியாது மேற்கும் தெரியாது, உன்னை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியக்கூட அனுப்ப முடியாது" என்று ஏகாம்பரத்தைத் திட்டினாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு, வாசப்படியைத் தாண்டினாள். ஏகாம்பரம் குடத்தைத் தேடுகிறவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெண்கள் எல்லோரும் திடீரென்று செருப்பைச் சரிபண்ணினார்கள், சாக்கை இடுப்பில் இறுக்கினார்கள், வானத்தைப் பார்த்தார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் மேடேறிப் போய், தோட்டாவுக்குப் பின்னால் குனிந்து நின்று, புதுச் செடி வைக்கக் கயிறு பிடித்து நிரை பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணால் அதன் முதுகோடு பார்த்தாள்.

"ரெண்டாம் நம்பர். பலாமரத்துக்குக் கீழ படுத்திருக்கு. மூணு மணி வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க."

மூன்று மாசம் இப்படிப் போனது. மூன்று மாசத்தில் ஒருத்தருக்கும் ஒரு நகக்கீறல் இல்லை. முதலில் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுக்கு ஓடுவாள், அப்புறம் குழாயடி வரைக்கும் நின்றாள், அப்புறம் ஒரு நாள் பையை எடுத்துத் தலையில் வாரை மாட்டிக்கொண்டு கொழுந்துக்கே போனாள். துண்டு மட்டும் அவிழவில்லை. சாப்பிடும்போது எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்காருவாள்.

கரடியை மன்னித்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "என்னைக்கு இழுக்கப் போறே?" என்பதுதான். சோறு போடும்போதும் கேட்பாள். "நேர்கோடு கிடைக்கட்டும்" என்பான் ஏகாம்பரம். "அது கிடைக்கும்போது நீ தூங்கிக்கிட்டு இருப்பே" என்பாள்.

நேர்கோட்டைக் கண்டக்டரே ஏற்பாடு பண்ணினார். கம்பெனியிலிருந்து ஆட்கள் பீரோவைச் சரிபார்க்க வருகிறார்களாம், பட்டியலில் துப்பாக்கி இருக்கிறதாம், வியாழக்கிழமைக்குள் அது உள்ளே இருந்தாக வேண்டும். தோட்டா அப்போது கால்பந்து கிரவுண்டின் ஓரத்துக்கு வந்திருந்தது. கிரவுண்டின் அந்தக் கோடியில் சோலை முட்டுகிற இடத்தில் நாலு பலாப்பழத்தைப் பிளந்து வைத்து, ஒரு டின் எண்ணெயையும் ஊற்றச் சொன்னார். நடுவில் புல்லைத் தவிர எதுவும் இல்லை. ஜனங்கள் எல்லோரும் தோட்டாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பவளக்கொடி மூக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கரடி எழுந்து நின்றதும் ஏகாம்பரம் இழுக்க வேண்டும்.

"விழுந்துட்டா?" என்று ஏகாம்பரம் சவரிமுத்துவிடம் கேட்டான். "சும்மா கீழ விழுந்துட்டா?"

"விழுந்தா எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்க. எனக்கென்ன தெரியும், நான் ரோலர் ரிப்பேர் பண்றவன்."

புதன்கிழமை காலையில் பவளக்கொடி துண்டைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "இந்தா பாரு. அது எந்திரிச்சு நிக்கும். நின்னதும் என்னைப் பாக்காதே, என்னைக் கேக்காதே. இழு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"உன்னைப் பாக்காம இழுக்கணும்."

கிரவுண்டில் இருநூறு பேர் நின்றார்கள், பால்வாடிக் குழந்தைகளைக் கூட இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள், ஒரு குழந்தைகூட அழவில்லை. தோட்டாவின் மூக்கு நேராகச் சோலையைப் பார்த்தது. பவளக்கொடி அதன் பின்னால் குனிந்து நின்று, "வருது… வருது… இன்னும் உள்ளதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் பத்தடி தள்ளி நின்றான், மூன்று விரல் வளையத்துக்குள். அப்போது கீழிருந்து பனி ஏறி வந்தது, எதிர்க்கோடியை மூடியது, பலாப்பழத்தை மூடியது, கோல் போஸ்ட்டை மூடியது, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, தோட்டாவின் மூக்கு மட்டும் தெரிந்தது, அது நகர ஆரம்பித்தது.

இடது பக்கம் நகர்ந்தது. இதுவரைக்கும் அது இவ்வளவு வேகமாகத் திரும்பி யாரும் பார்த்ததில்லை, கடிகாரத்தின் நொடி முள் மாதிரி விட்டுவிட்டுத் திரும்பியது. "சுத்தி வருது!" என்றாள் பவளக்கொடி. "எல்லாரும் உக்காருங்க, உக்காருங்கடி!" மூக்கு கூட்டத்தின் மேல் போனது, போகிற இடத்தில் எல்லாம் வரிசையாகத் தலைகள் இறங்கின, கண்டக்டர் பேன்ட்டோடு சேற்றில் உட்கார்ந்தார், பூசாரி உட்கார்ந்தார், குழந்தைகளை மடியில் அமுக்கிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள், யாராவது ஒருத்தர் எழுந்தால் அவருக்குப் பின்னால் கரடி இருக்கலாம், முன்னால் தோட்டா இருக்கிறது. எல்லோரையும் உட்காரச் சொல்லி ஓடிக்கொண்டே வந்த பவளக்கொடி கடைசியில் தான் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். மூக்கு அவள் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. மேற்கொண்டு திரும்பவில்லை.

எல்லோரையும்விட நன்றாக அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள். தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"எனக்குப் பின்னால எவ்வளவு தூரம்?"

 ராக்கம்மா தரையிலிருந்து சொன்னாள், "ஆறடி."

"என்ன பண்ணுது?"

"மோந்து பாக்குது… உன்னைத்தான்."

பவளக்கொடி மெல்லக் குனிந்தாள். முழங்காலைத் தரையில் வைத்தாள், கையை வைத்தாள், வயிறு படப் படுத்தாள், முகத்தைப் புல்லில் புதைத்தாள்.  அவள் கீழே போனதும் அவளுக்குப் பின்னால் பனிக்குள்ளிருந்து கரடி அவளை ஒட்டி வந்து எழுந்தது. இரண்டு காலில் நின்றது. வெள்ளைப் பிறை தெரிந்தது. தோட்டாவுக்கும் பிறைக்கும் நடுவில் நாலு முழம், நாலு முழத்தில் எதுவும் இல்லை.

"நேர்கோடு!" என்றார் சவரிமுத்து.

"இழுடா!" என்று கண்டக்டர் கத்தினார். "இழுடா டேய்!"

புல்லுக்குள்ளிருந்து பவளக்கொடியின் குரலும் வந்தது. "இழுய்யா!"

ஏகாம்பரம் அவளைப் பார்த்தான். படுத்ததில் துண்டு அவிழ்ந்து புல்லில் கிடந்தது. பிடரி தெரிந்தது. ஏழு மாசம் வீட்டுக்குள் இருந்து சோகை பிடித்த மாதிரி வெளுத்திருந்த பிடரி இப்போது வெயிலில் கறுத்துக் காய்ந்திருந்தது, பை வார் உரசிய இடத்தில் தோல் தடித்திருந்தது, தலைமுடியில் ஒரு கொழுந்து இலை சிக்கியிருந்தது. கரடி விழுந்தால் தோட்டாவும் போய்விடும். சோலைக்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு கரடி இருக்கிறது, அதுகளை யாரும் சுடவில்லை, அதுகளைப் பார்த்துக்கொண்டு எதுவும் காற்றில் நிற்கவில்லை. நாளைக்குக் காலை ஆறு மணிக்கு இவள் எதைப் பார்த்துவிட்டு வாசப்படி தாண்டுவாள்? இதை எல்லாம் அவன் இவ்வளவு தெளிவாக நினைத்தான் என்று சொல்ல முடியாது. பிடரியைப் பார்த்தான். விரல் வளையத்துக்குள் இருந்தது, வளையம் ஐஸ் மாதிரி இருந்தது, இழுத்தால் ஒரு நொடி, அந்த நேரத்தில் கரடியின் வலது கை பவளக்கொடியின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, விரல் நீளத்துக்கு நகம்.

கரடி தோட்டாவைப் பார்த்தது. தோட்டா சுற்றிக்கொண்டே ஒரு நூல் முன்னால் வந்தது. கரடி மூக்கைச் சுருக்கி, தும்மி, நாலு காலில் இறங்கியது. இறங்கின கை அவள் காதுக்குப் பக்கத்தில் புல்லை அமுக்கியது. துண்டை முகர்ந்தது. எண்ணெய் வாசனை எந்தப் பக்கம் என்று யோசித்தது. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்து, கிரவுண்டின் மறுகோடிக்கு அவசரமே இல்லாமல் நடந்தது. தோட்டாவின் மூக்கும் அதன் பின்னாலேயே திரும்பிப் போனது.

 அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கோழை என்றார்கள், பைத்தியம் என்றார்கள், கண்டக்டர் தொப்பியைத் தரையில் அடித்து, "உன் பேரை ரெஜிஸ்டர்ல இருந்து வெட்டி எறியலைன்னா பாரு" என்றார்.

பவளக்கொடி எழுந்தாள். துண்டைத் தேடவில்லை. அந்த முகத்தோடு, மூடிப்போன கண்ணோடும் பாதி உதட்டோடும் கன்னத்தில் ஒட்டின சேற்றோடும், இருநூறு பேருக்கு நடுவில் நேராக ஏகாம்பரத்திடம் வந்தாள். இவ்வளவு கோபமாக அவளை அவன் பார்த்ததே இல்லை. அவன் விரல் இன்னும் வளையத்துக்குள்தான் இருந்தது.

"எந்திரிச்சு நின்னதும் இழுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"என்னைப் பாக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அப்புறம் ஏன்யா இழுக்கல?"

"பாத்துட்டேன்" என்றான் ஏகாம்பரம்.